கர்ப்பகால ரத்தப் பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பிணியின் கையிலிருந்து ஒரு சிறு குழாய் அளவு ரத்தம் எடுக்கிறார்கள். சில நாள் கழித்து ஒரு தாள் வருகிறது. குழந்தைக்குக் குறை உண்டு என்றோ இல்லை என்றோ அதில் எழுதியிருக்காது. 1:430 என்பது போல ஒரு விகிதம் இருக்கும். பக்கத்தில் பச்சையிலோ சிவப்பிலோ ஒரு சொல் இருக்கும். விகிதத்தை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் பார்த்து அழுதவர்களும் உண்டு, நிம்மதியாகத் தூங்கப் போனவர்களும் உண்டு. இரண்டுமே அவசரம். அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்பதுதான் கீழே உள்ள பெரும்பாலான கேள்விகளின் சாரம்.

இந்தப் பரிசோதனை எந்தக் குறைபாடுகளைத் தேடுகிறது?

எல்லாவற்றையும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பட்டியல் மிகச் சிறியது.

முதல் வகை, குரோமோசோம் எண்ணிக்கையில் வரும் பிழை. மனித உயிரணுவில் 23 ஜோடியாக 46 குரோமோசோம்கள் இருக்கும். 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருந்தால் அது டவுன் சிண்ட்ரோம். 18ஆவது மூன்றாக இருந்தால் எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம். 13ஆவது என்றால் படாவ் சிண்ட்ரோம். பின்னவை இரண்டும் அரிதானவை, மிகக் கடுமையானவை. அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் பிறந்தநாளைக் காண்பதில்லை. இரண்டாவது வகை, கருவில் பின்னர் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகும் நரம்புக் குழாய் மூடாமல் போவது. முதுகுப் பக்கம் மூடாவிட்டால் தண்டுவடப் பிளவு. தலைப் பக்கம் மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் உருவாகாத நிலை.

உதட்டுப் பிளவு, கை கால் குறை, செவிட்டுத்தன்மை, பெரும்பாலான இதயக் கோளாறுகள், ஆட்டிசம் ஆகிய எதுவும் இந்த ரத்தத்தில் தெரியாது. நூறு குழந்தைகளில் ஏறத்தாழ மூன்று ஏதோ ஒரு பிறவிக் குறைபாட்டுடன் பிறக்கின்றன. அவற்றில் ஒரு சிறு பங்கைத்தான் இந்தப் பரிசோதனை தேடுகிறது. உடலமைப்புக் குறைகளைப் பார்ப்பது 18 முதல் 22 வாரத்துக்குள் செய்யப்படும் விரிவான ஸ்கேனின் வேலை. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பது கிடையாது.

ரத்தம் என்னுடையது. அதில் குழந்தையின் நிலை எப்படித் தெரியும்?

குழந்தையும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் சில பொருள்கள் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. கருவின் கல்லீரலில் உண்டாகும் ஏ.எஃப்.பி. என்ற புரதம் அவற்றில் மூத்தது. கருவின் முதுகு திறந்திருந்தால் இந்தப் புரதம் பனிக்குட நீரில் அதிகமாகக் கசியும், அங்கிருந்து தாயின் ரத்தத்துக்கும் வரும். பனிக்குட நீரில் இந்த உயர்வை 1972இல் எடின்பரோவில் பிராக், சட்கிளிஃப் என்ற இருவர் கண்டறிந்தார்கள். அதே புரதம் குறைவாக இருந்தால் குரோமோசோம் பிழையைச் சந்தேகிக்கலாம் என்பது 1984இல்தான் தெரிய வந்தது. அதாவது, முதுகைப் பார்க்கக் கண்டுபிடித்த சோதனை, எதிர்பாராத வகையில் வேறொன்றையும் காட்டிக்கொடுத்தது.

இரண்டாவது வழி டி.என்.ஏ. நஞ்சுக்கொடியின் செல்கள் உதிரும்போது அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகள் தாயின் ரத்தத்தில் மிதக்கும். இதை 1997இல் டென்னிஸ் லோ என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ. மிதக்கிறது என்று அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ஆய்வுகள்தான் லோவுக்குப் பொறி. கட்டியைப் போலவே நஞ்சுக்கொடியும் தாயின் திசுவுக்குள் வேர்விட்டு வளர்வதுதானே! 2011இல் இது பரிசோதனையாக விற்பனைக்கு வந்தது. இதைத்தான் என்.ஐ.பி.டி. என்கிறார்கள்.

டபுள், ட்ரிபிள், குவாட்ரபிள் என்கிறார்களே, எது நல்லது?

பெயரில் உள்ள எண், எத்தனை பொருள்களை அளக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. டபுள் மார்க்கரில் இரண்டு: பாப்-ஏ என்ற புரதமும் பீட்டா எச்.சி.ஜி. என்ற ஹார்மோனும். இது மூன்றாம் மாதக் கடைசியில் செய்வது. ட்ரிபிள் என்பது நான்காம், ஐந்தாம் மாதத்துக்கு உரியது: ஏ.எஃப்.பி., எச்.சி.ஜி., எஸ்ட்ரியால். அதோடு இன்ஹிபின்-ஏ சேர்ந்தால் குவாட்ரபிள்.

எண் கூடினால் தரமும் கூடும் என்று கணக்குப் போட வேண்டாம். டபுள் மார்க்கரோடு, கருவின் பிடரியில் தோலுக்கடியில் தேங்கும் நீரின் அளவைப் பார்க்கும் என்.டி. ஸ்கேனையும் சேர்த்துக் கணக்கிட்டால் டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்களில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை பிடிபடும். குவாட்ரபிளில் ஏறத்தாழ 80. ட்ரிபிள் அதற்கும் கீழே. ஸ்கேன் இல்லாமல் டபுள் மார்க்கர் ரத்தம் மட்டும் கொடுத்தால் அது பாதி வேலைதான்.

முதலில் டபுள், பிறகு ஒரு மாதம் கழித்து ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று குவாட்ரபிள், இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பது என்று சிலர் போகிறார்கள். இதனால் பிடிபடுவதைவிட வீண் எச்சரிக்கைகள்தான் பெருகும். முதல் சோதனை நேரத்துக்கு நடந்திருந்தால், பின்னர் வேண்டியது நரம்புக் குழாய்க்கான ஏ.எஃப்.பி. அல்லது நல்ல ஸ்கேன் மட்டுமே.

எந்த வாரத்தில் செய்ய வேண்டும்?

டபுள் மார்க்கரும் என்.டி. ஸ்கேனும் 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாள் வரை. குவாட்ரபிள் 15 முதல் 20 வாரம் வரை, ஏ.எஃப்.பி.க்கு 16, 17, 18 வாரங்கள் உகந்தவை. என்.ஐ.பி.டி. 10 வாரத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும்.

இங்கே வாரக் கணக்கு ஒரு சம்பிரதாயம் அல்ல; முடிவே அதைப் பொறுத்துத்தான் நிற்கிறது. நான்காம் மாதத்தில் ஏ.எஃப்.பி.யும் எஸ்ட்ரியாலும் வாரத்துக்கு வாரம் ஏறும், எச்.சி.ஜி. இறங்கும். உண்மையில் 15 வாரமான கருவை 17 வாரம் என்று தவறாக எழுதிவிட்டால் என்ன ஆகும்? ஏறவேண்டியவை குறைவாகத் தெரியும், இறங்கவேண்டியது அதிகமாகத் தெரியும். டவுன் சிண்ட்ரோமில் ரத்தம் காட்டும் கோலமும் அதேதான்! குழந்தைக்கு ஒன்றுமே இல்லாமல், தேதி தவறியதால் மட்டுமே ‘அதிக ஆபத்து’ என்று வந்த தாள்கள் ஏராளம். மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களுக்கு இது இன்னும் எளிதாக நடக்கும். ஆகவே ஆரம்ப ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து கணித்த வாரத்தையே ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும், நினைவில் உள்ள தேதியை அல்ல.

வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

வேண்டாம். சாப்பிட்டுவிட்டே போகலாம்.

ரிப்போர்ட்டில் எம்.ஓ.எம். என்று இருக்கிறதே, அது என்ன?

அதே வாரத்தில் உள்ள கர்ப்பிணிகள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் அளவு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவு அதைப் போல எத்தனை மடங்கு என்பதே எம்.ஓ.எம். ஏ.எஃப்.பி. 2.5 மடங்கைத் தாண்டினால் பல ஆய்வகங்கள் நரம்புக் குழாய்க் குறையைத் தேடச் சொல்லும். டவுன் சிண்ட்ரோமில் பாப்-ஏ சராசரியாகப் பாதியளவுக்கு இறங்கும், எச்.சி.ஜி.யும் இன்ஹிபினும் இரண்டு மடங்கு வரை ஏறும். எட்வர்ட்ஸ் என்றால் ஏ.எஃப்.பி., எச்.சி.ஜி., எஸ்ட்ரியால் மூன்றுமே தாழும்.

ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு இணையத்தில் தேடாதீர்கள். எல்லா எண்களையும் உங்கள் வயதோடும் ஸ்கேன் அளவோடும் சேர்த்துக் கணினி போடும் கூட்டுக் கணக்குதான் இறுதியில் வரும் விகிதம். நடுவிலுள்ள எண்கள் சமையலறைக்குள் நடப்பவை. பரிமாறப்படுவது அந்த விகிதம்.

‘1:180, ஸ்கிரீன் பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. குழந்தைக்கு நோய் உறுதியா?

இல்லை. இதே தாள் 180 பெண்கள் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவருக்குக் குழந்தை டவுன் சிண்ட்ரோமோடு இருக்கும். 179 பேருக்கு இருக்காது. அந்த 179 பேரும் உங்களைப் போலவே இன்றிரவு தூங்காமல் இருப்பார்கள் என்பதுதான் இந்தப் பரிசோதனையின் கொடுமை.

‘பாசிட்டிவ்’ என்ற சொல்லே பாதித் துன்பத்துக்குக் காரணம் என்பேன். கர்ப்பம் உறுதியான அன்று கேட்ட அதே சொல், அன்று இனித்தது. இன்று இடியாக விழுகிறது. ஸ்கிரீனிங் என்பது சலித்தல். சல்லடையில் தங்குவதெல்லாம் கல் அல்ல. கொஞ்சம் பருத்த தானியமும் தங்கும். தங்கியதை எடுத்துப் பார்த்த பிறகே எது கல் என்று தெரியும்.

எண்ணாகவும் பார்க்கலாம். ஒரு கணக்குக்காக, 10,000 கர்ப்பிணிகளில் 20 பேரின் கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது என்று வையுங்கள். டபுள் மார்க்கரும் என்.டி. ஸ்கேனும் சேர்ந்து அந்த 20இல் 17ஐப் பிடிக்கும், 3 தப்பிவிடும். மீதி 9,980 பேரில் நூற்றுக்கு ஐந்து பேரை, அதாவது 499 பேரை, தவறாக எச்சரிக்கும். ஆக, சிவப்புத் தாள் வாங்குபவர்கள் 516 பேர். அவர்களில் உண்மையில் பாதிப்புள்ளவர்கள் 17 பேர். முப்பதில் ஒருவர்.

சிவப்பும் பச்சையும் பிரியும் கோட்டைப் பல ஆய்வகங்கள் 1:250இல் வைத்திருக்கின்றன, சில இடங்களில் 1:150இல். இது மனிதர்கள் வரைந்த கோடு. 1:245 வந்தவருக்கும் 1:255 வந்தவருக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுமேயில்லை. ஆனால் ஒருவர் அழுகிறார், ஒருவர் சிரிக்கிறார். ஆகவே நிறத்தைப் பார்க்காதீர்கள். 1:180ஐயும் 1:5ஐயும் ஒரே சொல்லால் குறிக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 1:5 என்றால் கதை வேறு. அப்போது தாமதிக்கவே கூடாது.

பாசிட்டிவ் என்று வந்தால் வேறு ஆய்வகத்தில் திரும்ப ரத்தம் கொடுத்துப் பார்க்கலாமா?

இதே பரிசோதனையை இன்னொரு இடத்தில் செய்வதால் தெளிவு வராது. கருவி வேறு, வாரம் வேறு, எண்ணும் வேறாக வரும். இரண்டில் நல்லதாக இருப்பதை நம்பத் தோன்றும். அது சோதனை அல்ல, ஆறுதல் தேடல்.

அதற்குப் பதில் கையில் உள்ள தாளையே ஒரு முறை சரிபாருங்கள். உங்கள் பிறந்த தேதி சரியா? எடை சரியா? உடல் பருமனானவர்களுக்கு இந்தப் பொருள்கள் ரத்தத்தில் நீர்த்துத் தெரியும் என்பதால் எடையைக் கணக்கில் கொள்கிறார்கள். ஸ்கேன் சொன்ன வாரமும் தாளில் உள்ள வாரமும் ஒன்றா? ஒற்றைக் கருவா, இரட்டையா? நீரிழிவுக்கு இன்சுலின் எடுப்பது, புகைபிடிப்பது, செயற்கைக் கருத்தரிப்பு ஆகியவை குறிக்கப்பட்டிருக்கின்றனவா? எதிலாவது பிழை இருந்தால் புதிதாக ரத்தம் தர வேண்டியதில்லை. திருத்திய விவரத்தோடு கணக்கை மட்டும் மறுபடி போட்டுத் தருவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த படிக்குப் போவதே முறை: என்.ஐ.பி.டி. அல்லது ஊசி வழிப் பரிசோதனை.

‘நெகடிவ்’ வந்துவிட்டது. இனி கவலை இல்லைதானே?

தேடிய மூன்று நான்கு குறைகளுக்கான வாய்ப்பு குறைவு, அவ்வளவே. மேலே சொன்ன கணக்கில் தப்பிய அந்த மூன்று பேர் கையிலும் பச்சைத் தாள்தான் இருந்தது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவிர்த்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு 26 வயதுதான். இது வயதானவர்களுக்கு உரியதல்லவா?

வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறும் என்பது உண்மை. இருபதுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் ஒன்று. 35 வயதில் ஏறத்தாழ 350இல் ஒன்று. 40 வயதில் 100இல் ஒன்று. இந்தக் கணக்கைக் கேட்டு, இளம் பெண்களுக்கு இது தேவையில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் குழந்தை பெறுபவர்களில் பெரும்பாலோர் இளையவர்கள். ஒருவருக்கு வாய்ப்பு குறைவாக இருந்தாலும் கூட்டம் பெரியது. அதனால் டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் பலரும் 35க்குக் கீழுள்ள தாய்மாருக்கே பிறக்கிறார்கள். நரம்புக் குழாய்க் குறை வருவதும் தாய் முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கிறாரா என்பதைப் பொறுத்தது அல்ல.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்படி இல்லையே?

பெரும்பாலும் யாருடைய குடும்பத்திலும் இருப்பதில்லை. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஒரு ஜோடி பிரியாமல் ஒட்டிக்கொண்டே போய்விடுவதால் நேரும் தற்செயல் இது. நூற்றுக்கு ஏறத்தாழ 95 டவுன் சிண்ட்ரோம் அப்படித்தான் வருகிறது. குரோமோசோம் இடம் மாறி ஒட்டியிருப்பதால் பரம்பரையாக வருவது மிகச் சிலருக்கு மட்டுமே.

இதே காரணத்தால், ‘நான் என்ன தவறு செய்தேன்’ என்ற கேள்விக்கும் பதில் ஒன்றுதான்: எதுவும் இல்லை. நீங்கள் படி ஏறியதோ, பயணம் போனதோ, கோபப்பட்டதோ காரணம் அல்ல. கரு தரிப்பதற்கு முன்பே முடிந்துவிட்ட விஷயம் அது. மாமியாரோ கணவரோ வேறு மாதிரி சொன்னால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு என்.ஐ.பி.டி. மட்டும் செய்துகொண்டால் போதாதா?

டவுன் சிண்ட்ரோமைப் பொறுத்தவரை ரத்தத்தில் செய்யும் பரிசோதனைகளில் இதை மிஞ்சியது இல்லை. நூற்றுக்கு 99க்கு மேல் பிடித்துவிடும். தவறான எச்சரிக்கை ஆயிரத்தில் ஒன்று அளவில் நிற்கும். 1:180 வந்து கலங்கி நிற்பவருக்கு இது பெரிய வரம். ஸ்கேன் இயல்பாக இருந்து, என்.ஐ.பி.டி.யும் குறைந்த வாய்ப்பு என்று சொன்னால், ஊசி வழிப் பரிசோதனை இல்லாமலே பலர் நிம்மதியடைய முடிகிறது.

ஆனாலும் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு போகவேண்டும். ஒன்று, இதுவும் சல்லடைதான். துளை மிகச் சிறியது, அவ்வளவே. அதே 10,000 பேர் கணக்கில் உண்மையான 20ஐயும் பிடித்து, 10 பேரைத் தவறாகவும் எச்சரிக்கும். 30 பேரில் 20 பேருக்குத்தான் உண்மை. ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற வாய்ப்புள்ள இளம் பெண்களிடம் செய்தால் பிடிபடும் 20 பேரில் பத்துப் பேருக்கு மட்டுமே உண்மை, பாதிக்குப் பாதி. ‘99 சதவீதம் துல்லியம்’ என்ற விளம்பர வரி இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. ஆகவே என்.ஐ.பி.டி. பாசிட்டிவ் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு கர்ப்பத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

இரண்டு, அளக்கப்படும் டி.என்.ஏ. குழந்தையுடையது அல்ல, நஞ்சுக்கொடியுடையது. இரண்டும் ஒரே கருமுட்டையிலிருந்து வந்தவை என்றாலும், சில நேரம் நஞ்சுக்கொடியில் மட்டும் குரோமோசோம் பிழை இருந்து குழந்தை சரியாக இருக்கும். கருவுற்ற தொடக்கத்தில் இரட்டையாக இருந்து ஒன்று மறைந்துபோயிருந்தால் அதன் டி.என்.ஏ.யும் குழப்பும். அரிதாக, தாயின் உடலில் உள்ள கட்டியே விசித்திரமான முடிவைத் தந்து, தாய்க்குப் புற்றுநோய் இருப்பது தெரியவந்ததும் உண்டு.

மூன்று, திறந்த முதுகு, வயிற்றுச் சுவர் பிளவு போன்றவை என்.ஐ.பி.டி.யில் தெரியவே தெரியாது. என்.டி. ஸ்கேனையும் விட்டுவிடக் கூடாது. பிடரி நீர் மிக அதிகமாக இருப்பது இதயக் கோளாறு போன்ற வேறு பலவற்றுக்கும் அறிகுறி.

குரோமோசோமின் மிகச் சிறு துண்டுகள் விடுபட்டிருப்பதையும் சேர்த்துப் பார்க்கும் ‘விரிவான’ தொகுப்பை வாங்கச் சொல்வார்கள். அந்த நோய்கள் மிகமிக அரிது என்பதால் அங்கே வரும் பாசிட்டிவ்களில் பெரும்பங்கு பொய்யாக முடியலாம். ஸ்கேனில் ஏதும் காரணம் இல்லாதபோது அந்தத் தொகுப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

என்.ஐ.பி.டி.யில் ‘முடிவு கிடைக்கவில்லை’ என்று வந்திருக்கிறது. ஏன்?

தாயின் ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.யில் நஞ்சுக்கொடியின் பங்கு சராசரியாகப் பத்து சதவீதம். அது ஏறத்தாழ நான்கு சதவீதத்துக்குக் கீழே போனால் பல ஆய்வகங்கள் முடிவு சொல்லாது. சீக்கிரமே ரத்தம் எடுத்திருக்கலாம். உடல் எடை அதிகமாக இருக்கலாம். ஒன்றிரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுத்தால் பலருக்குக் கிடைத்துவிடும். எனினும் எட்வர்ட்ஸ், படாவ் கருக்களில் நஞ்சுக்கொடி சிறியதாக இருப்பதால் இந்தப் பங்கு குறைவாக இருக்கும் என்பதையும் மருத்துவர் மனத்தில் கொள்வார். இரண்டாம் முறையும் கிடைக்காவிட்டால் மூன்றாம் முறை முயல்வதைவிட விரிவான ஸ்கேனும் ஆலோசனையும் நல்லது.

முந்தைய பிரசவத்தின் டி.என்.ஏ. கலந்து குழப்புமோ என்று சிலர் கேட்கிறார்கள். குழப்பாது. பிரசவம் ஆன ஓரிரு நாளில் அது ரத்தத்திலிருந்து மறைந்துவிடும்.

ஏ.எஃப்.பி. அதிகம் என்கிறார்கள். முதுகில் குறையா?

வாரம் தவறாகக் கணிக்கப்பட்டிருக்கலாம், இரட்டைக் குழந்தைகளாக இருக்கலாம், வயிற்றுச் சுவர் மூடாமல் இருக்கலாம், நஞ்சுக்கொடியில் கசிவு இருக்கலாம். காரணமே இல்லாமலும் ஏறும். அடுத்த படி ஸ்கேன். தண்டுவடப் பிளவு உள்ள கருவின் தலையிலும் நுட்பமான மாற்றங்கள் தெரியும்: நெற்றி எலும்பு இருபுறமும் அமுங்கித் தலை எலுமிச்சை வடிவில் இருக்கும், சிறுமூளை வாழைப்பழம் போல வளைந்திருக்கும். பயிற்சி பெற்ற கண்ணுக்கு இது தப்பாது. ஸ்கேன் சரியாக இருந்தும் ஏ.எஃப்.பி. உயர்ந்தே இருந்தால் பிந்தைய மாதங்களில் குழந்தையின் வளர்ச்சியைக் கூடுதலாகக் கவனிப்பார்கள்.

டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு குறைவுதான், ஆனால் பாப்-ஏ குறைவு என்று மருத்துவர் முகம் சுளித்தார். என்ன பொருள்?

பாப்-ஏ நஞ்சுக்கொடியில் சுரப்பது. அது மிகக் குறைவாக இருந்தால் நஞ்சுக்கொடி சரியாக வேர்விடவில்லையோ என்ற ஐயம் எழும். குழந்தை எடை குறைவது, தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறும் பிரீ-எக்லாம்ப்சியா வருவது ஆகியவற்றுக்கு வாய்ப்பு சற்று அதிகம். சிலருக்கு 16 வாரத்துக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார்கள். மருத்துவர் சொல்லாமல் தாமாக எடுக்கக் கூடாது.

இரட்டைக் குழந்தைகள், செயற்கைக் கருத்தரிப்பு என்றால்?

இரட்டையரில் ரத்தம் இரண்டு குழந்தைகளின் கலவையைக் காட்டும்; யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. என்.டி. ஸ்கேன் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அளப்பதால் அங்கே அதற்கு மதிப்பு கூடுதல். செயற்கைக் கருத்தரிப்பில் முக்கியம் வயது: தானமாகப் பெற்ற கருமுட்டை என்றால் தந்தவரின் வயது, உறையவைத்த கரு என்றால் முட்டை எடுத்த அன்று இருந்த வயது. படிவத்தில் உங்கள் இன்றைய வயதை எழுதினால் விகிதம் முழுவதும் தவறாகிவிடும்.

ஊசி போட்டுப் பார்ப்பதில் கரு கலைந்துவிடும் என்கிறார்களே?

உறுதியான பதிலைத் தருபவை இரண்டே. 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுப்பது ஒன்று. 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுப்பது மற்றொன்று. ஸ்கேனில் ஊசியின் நுனியைப் பார்த்துக்கொண்டே செய்கிறார்கள். பனிக்குட நீர் எடுக்கச் சில நிமிடம் போதும். ரத்தம் எடுக்கும்போது வலிப்பதைவிடச் சற்று அதிகம் என்று பலர் சொல்வார்கள்.

நூற்றில் ஒருவருக்குக் கரு கலையும் என்பது பழைய எண். பழகிய கையால் செய்யப்படும்போது இதனால் கூடுதலாக நேரும் கருச்சிதைவு நூற்றுக்கு அரைக்கும் கீழே என்பதே இன்றைய கணிப்பு. ஆபத்தே இல்லை என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அதற்காகப் பயந்து, 1:5 வந்த பிறகும் தெரியாமலே ஐந்து மாதம் கழிப்பதும் சுமைதான். உங்கள் ரத்தம் ஆர்.எச். நெகடிவ் வகை என்றால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு, குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம். 21, 18, 13 ஆகியவற்றுக்கான விரைவு முடிவு இரண்டு மூன்று நாளிலும், முழுக் குரோமோசோம் படம் ஏறத்தாழ இரண்டு வாரத்திலும் வரும்.

எப்படியும் பெற்றுக்கொள்வோம் என்று முடிவு செய்துவிட்டோம். பிறகு எதற்கு இந்தப் பரிசோதனை?

நியாயமான கேள்வி. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. எந்த மருத்துவரும் இதற்காக முகம் சுளிக்கக் கூடாது. ஆனால் வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும். முன்பே தெரிந்தால், பிறந்தவுடன் பார்க்கக் குழந்தை இதய மருத்துவர் உள்ள இடத்தில் பிரசவம் வைத்துக்கொள்ளலாம். தண்டுவடப் பிளவு என்றாலும் அப்படித்தான்; சில மையங்களில் குழந்தை கருவில் இருக்கும்போதே அந்தப் பிளவை மூடுகிறார்கள். பிரசவ அறையில் அதிர்வதற்கும், நான்கு மாதம் அழுது தெளிந்து தயாராக நிற்பதற்கும் வேறுபாடு உண்டு.

ரத்தம் கொடுப்பதற்கு முந்தின நாள் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது: எண் அதிகமாக வந்தால் ஊசிக்குச் சம்மதிப்போமா? உறுதியானால் என்ன செய்வோம்? தாள் வந்த பிறகு இதைப் பேசத் தொடங்குபவர்கள்தான் மிகவும் உடைந்துபோகிறார்கள்.

உறுதியாகிவிட்டது. கருவைக் கலைத்தே ஆகவேண்டுமா?

‘ஆகவேண்டும்’ என்று எவரும் சொல்ல முடியாது. கலைப்பதா, தொடர்வதா என்பது பெற்றோரின் முடிவு. சட்டம் எத்தனை வாரம் வரை அனுமதிக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறுவதால் முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யோசிக்க எத்தனை நாள் கையில் இருக்கிறது என்பது அதிலிருந்துதான் தெரியும்.

நோயைப் பற்றிய பழைய படம் மனத்தில் இருந்தால் அதையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 1983இல் 25 ஆண்டு. இன்று அது 60ஐ ஒட்டியிருக்கிறது. இதய அறுவை சிகிச்சை தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது அதற்குப் பெரிய காரணம். பள்ளிக்குப் போகிறார்கள், வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், வாழ்நாள் முழுவதும் உடன் ஒருவர் தேவைப்படுபவர்களும் இருக்கிறார்கள். கருவில் உள்ள குழந்தை இதில் எந்தப் பக்கம் இருக்கும் என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. அப்படி ஒரு குழந்தையை வளர்க்கும் குடும்பத்தைச் சந்தித்துப் பேச முடிந்தால் பேசுங்கள். பத்து வலைப்பக்கம் தராததை அரைமணி நேரப் பேச்சு தரும்.

அடுத்த பிரசவத்திலும் வருமா? தடுக்க வழி உண்டா?

வழக்கமான டவுன் சிண்ட்ரோம் என்றால் மறுபடி வரும் வாய்ப்பு இளம் தாய்க்கு நூற்றில் ஒன்று அளவில். வயதால் வரும் வாய்ப்பு அதைவிட அதிகமாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்வார்கள். இடம் மாறி ஒட்டிய வகை என்று குரோமோசோம் படத்தில் தெரிந்தால் கணவன், மனைவி இருவரின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும்; அங்கே வாய்ப்பு அதிகம். தடுக்க மருந்து ஏதும் இல்லை.

நரம்புக் குழாய்க் குறை அப்படியல்ல. முன்பு அந்தக் குறையோடு குழந்தை பெற்ற பெண்களுக்குத் தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது என்று 1991இல் ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. அந்தக் குழாய் கரு தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். மாதவிடாய் தள்ளிப்போனது உறுதியாகி மருத்துவரிடம் வரும்போது பெரும்பாலும் வேலை முடிந்திருக்கும். ஆகவே மாத்திரையைக் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே, குறைந்தது ஒரு மாதம் முன்னால் தொடங்கி 12 வாரம் வரை தொடர வேண்டும். எல்லோருக்கும் தினம் 400 மைக்ரோகிராம். முன்பு அப்படிக் குழந்தை பிறந்திருந்தாலோ, நீரிழிவு இருந்தாலோ, வலிப்புக்கு வால்ப்ரோயேட் போன்ற மருந்து எடுத்தாலோ அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். அதை மாற்ற வேண்டுமா என்ற பேச்சும் கர்ப்பத்துக்கு முன்பே நடக்கவேண்டியது.